போலந்தில் வெளிநாட்டவர் வாழ்வும் பணியும்

மத்திய ஐரோப்பாவில் அமைந்துள்ள போலந்து, நீண்ட காலமாகத் தன் மக்களைப் பிற நாடுகளுக்கு வேலைக்கு அனுப்பும் நாடாகவே அறியப்பட்டிருந்தது. அண்மைக் காலத்தில் இந்நிலை தலைகீழாக மாறி, வெளிநாட்டவர் வேலை தேடி வரும் நாடாக அது ஆகியுள்ளது. இக்கட்டுரை, ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராத நாடுகளிலிருந்து, குறிப்பாக இந்தியா போன்ற ஆசிய நாடுகளிலிருந்து, போலந்துக்குச் சென்று வாழ்ந்து பணிபுரிவோர் அறிந்திருக்க வேண்டிய நடைமுறைகளை விளக்குகிறது. 2022ஆம் ஆண்டு தொடங்கிய போரின் காரணமாக இடம்பெயர்ந்து வந்த உக்ரேனியர்களுக்கெனத் தனி விதிகள் உண்டு. அவை இங்கு எடுத்துக்கொள்ளப்படவில்லை.

பின்னணி

போலந்து 2004 மே 1 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தில் இணைந்தது. 2007 டிசம்பர் 21 அன்று செங்கன் பகுதியின் உறுப்பு நாடானது. இணைந்த முதல் சில ஆண்டுகளில் பல இலட்சம் போலந்தியர் பிரித்தானியா, அயர்லாந்து முதலிய நாடுகளுக்கு வேலைக்குச் சென்றனர். பிறப்பு விகிதமும் குறைந்ததால் உள்நாட்டில் ஆள் பற்றாக்குறை ஏற்பட்டது. அவ்வெற்றிடத்தை முதலில் உக்ரேனியரும் பெலருசியரும், பின்னர் சார்சியா, இந்தியா, நேபாளம், பிலிப்பீன்சு, கொலம்பியா முதலிய நாட்டினரும் நிரப்பினர். சமூகக் காப்பீட்டு நிறுவனத்தில் (ஸூஸ்) பதிவு பெற்ற வெளிநாட்டவர் எண்ணிக்கை 2023ஆம் ஆண்டு இறுதியில் 11 இலட்சத்தைக் கடந்திருந்தது. அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் உக்ரேனியர்.

பணி அனுமதி

போலந்தில் வேலை செய்ய விரும்பும் இந்தியக் குடிமகனுக்குப் பொதுவாக இரண்டு ஆவணங்கள் தேவை. ஒன்று பணி அனுமதி. மற்றொன்று 'டி' வகைத் தேசிய விசா. பணி அனுமதிக்கு விண்ணப்பிப்பவர் தொழிலாளர் அல்லர். வேலை கொடுப்பவரே விண்ணப்பிக்க வேண்டும். இந்த வேறுபாட்டை அறியாததால் இடைத்தரகர்களிடம் பணத்தை இழந்தோர் பலர். 'உங்களுக்குப் பணி அனுமதி வாங்கித் தருகிறேன்' என்று ஒருவர் கூறினால், எந்த நிறுவனத்தின் பெயரில், எந்தப் பணிக்கு, எவ்வளவு ஊதியத்துக்கு என்னும் மூன்று வினாக்களையும் கேட்டறிவது நலம். இம்மூன்றும் அனுமதிப் பத்திரத்திலேயே எழுதப்பட்டிருக்கும்.

2025 சூன் 1 முதல் இத்துறையில் புதிய சட்டம் நடைமுறையில் உள்ளது. அதன்படி விண்ணப்பங்கள் இணையவழியாக மட்டுமே பெறப்படுகின்றன. உள்ளூரில் தகுதியான ஆள் கிடைக்கவில்லை என்று நிறுவும் பழைய தொழிற்சந்தைச் சோதனை நீக்கப்பட்டது. தொழிலாளரைப் பணியில் அமர்த்துவதற்கு முன்பே, எழுத்து மூலமான ஒப்பந்தத்தின் படியை வேலை கொடுப்பவர் அரசுத் தளத்தில் பதிவேற்ற வேண்டும். ஒப்பந்தம் போலந்து மொழியில் இருப்பதோடு, கையொப்பமிடும் முன் அதனைத் தொழிலாளர் அறிந்த மொழியில் மொழிபெயர்த்துக் காட்ட வேண்டியதும் வேலை கொடுப்பவரின் கடமையாகும். புரியாத தாளில் கையொப்பமிடுமாறு கட்டாயப்படுத்த எவருக்கும் உரிமை இல்லை. கடவுச்சீட்டை 'பாதுகாப்புக்காக' வாங்கி வைத்துக்கொள்ளும் உரிமையும் எந்த வேலை கொடுப்பவருக்கும் இல்லை.

பணி அனுமதி குறிப்பிட்ட ஒரு வேலை கொடுப்பவருக்கு மட்டுமே உரியது. விசா கையில் இருக்கிறதே என்று வேறு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தால் அது சட்டப் புறம்பான பணியாகும். வேலை கொடுப்பவருக்குத் தண்டம் விதிக்கப்படும். தொழிலாளரோ நாட்டை விட்டே வெளியேற்றப்படலாம். போலந்துப் பல்கலைக்கழகங்களில் முழுநேரப் படிப்பை முடித்தவர்களுக்குப் பணி அனுமதி தேவையில்லை என்பது மாணவர்கள் கவனிக்கத்தக்கது.

வதிவிட அட்டையும் காத்திருப்பும்

விசாக் காலம் முடிந்த பின்னும் தங்க விரும்புவோர், வதிவையும் பணியையும் ஒருங்கே அனுமதிக்கும் தற்காலிக வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். போலந்து 16 மாகாணங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு மாகாணத்திலும் நடுவண் அரசின் சார்பாளராக வொயெவோதா எனப்படும் ஆளுநர் உள்ளார். விண்ணப்பத்தைத் தீர்மானிப்பது அவரது அலுவலகமே. இவ்வனுமதி அதிகபட்சம் 3 ஆண்டுகளுக்கு வழங்கப்படும். அனுமதி பெற்றவருக்குக் 'கார்தா போபிது' எனப்படும் வதிவிட அட்டை தரப்படும்.

இங்கு நினைவில் கொள்ள வேண்டிய விதி ஒன்றே. கையிலுள்ள விசா அல்லது அட்டை காலாவதியாவதற்கு முன்பே விண்ணப்பித்துவிட வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் நிலைமை முற்றிலும் வேறாகிவிடும். காலத்துக்குள், குறைபாடின்றி விண்ணப்பித்தவரின் தங்கல், முடிவு வரும் வரை சட்டப்படியானதாகக் கருதப்படும். அதற்குச் சான்றாக நெடுங்காலம் கடவுச்சீட்டில் ஒரு முத்திரை இடப்பட்டு வந்தது.

சட்டம் கூறும் காலக்கெடுவுக்கும் நடைமுறைக்கும் இடையே பெரும் இடைவெளி உண்டு. வார்சாவா, விரோத்சுவாஃப் போன்ற பெருநகர்களில் முடிவு வரப் பல மாதங்கள், சில வேளைகளில் ஓராண்டுக்கு மேலும் ஆகியுள்ளது. இக்காலத்தில் ஒருவர் போலந்துக்குள் சட்டப்படி வாழலாம். ஆனால் அம்முத்திரையைக் கொண்டு பிற செங்கன் நாடுகளுக்குப் பயணம் செய்ய முடியாது. தாய்நாட்டுக்குச் சென்றால், திரும்பி வரப் புதிய விசா தேவைப்படலாம். வீட்டில் நல்லது கெட்டது எதற்கும் போக இயலாமல் காத்திருப்பதே போலந்தில் வாழும் வெளிநாட்டவரின் முதன்மையான துன்பம் எனலாம். எனவே, திருமணம் போன்ற முன்கூட்டியே அறியக்கூடிய பயணங்கள் இருப்பின், விசாக் காலத்துக்குள்ளேயே அவற்றை முடித்துவிட்டு, திரும்பிய பின் விண்ணப்பிப்பது பொருத்தமானது.

விண்ணப்பித்த பின் முகவரி மாறினால் உடனடியாக அலுவலகத்துக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். பழைய முகவரிக்கு அனுப்பப்பட்ட பதிவு அஞ்சலை எவரும் பெறாவிடினும், குறிப்பிட்ட நாட்களுக்குப் பின் அது 'ஒப்படைக்கப்பட்டதாகவே' சட்டத்தில் கொள்ளப்படும். கூடுதல் ஆவணம் கேட்டு வந்த கடிதம் கைக்குக் கிட்டாததாலேயே தள்ளுபடியான விண்ணப்பங்கள் உண்டு. அனுமதி பெற்றவர் வேலையை இழந்தால், அதனை 15 பணி நாட்களுக்குள் ஆளுநருக்குத் தெரிவிக்க வேண்டும்.

பெசெல் எண்

போலந்தில் வாழ்வோர் அனைவருக்கும் இன்றியமையாதது பெசெல் எனப்படும் 11 இலக்க அடையாள எண் ஆகும். இம்முறை 1979ஆம் ஆண்டு முதல் வழக்கில் உள்ளது. முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, மாதம், நாள் ஆகியவற்றைக் குறிக்கும். 2000ஆம் ஆண்டுக்குப் பின் பிறந்தவர்களுக்கு மாத எண்ணுடன் 20 கூட்டப்படும். எடுத்துக்காட்டாக, 1994 மே 3இல் பிறந்தவரின் எண் 940503 என்றும், 2002 மே 3இல் பிறந்தவரின் எண் 022503 என்றும் தொடங்கும். பத்தாவது இலக்கம் ஒற்றை எண்ணாயின் ஆண், இரட்டை எண்ணாயின் பெண். கடைசி இலக்கம் பிழை கண்டறியும் சோதனை இலக்கமாகும்.

மருத்துவர், மருந்தகம், வரி அலுவலகம், பள்ளி என எங்கு சென்றாலும் இவ்வெண்ணையே கேட்பர். முகவரிப் பதிவு (மெல்துனெக்) செய்யும்போது, பதிவுக் காலம் 30 நாட்களுக்கு மேற்பட்டதாயின், இவ்வெண் தானாகவே வழங்கப்படும். ஒன்றியத்தைச் சேராத நாட்டினர் நாட்டுக்குள் நுழைந்த நான்காவது நாளுக்குள் இப்பதிவைச் செய்ய வேண்டும் என்பது விதி. நடைமுறையில் நான்கு நாட்களுக்குள் வீடு கிடைப்பதே அரிது.

சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. முகவரிப் பதிவு செய்தால் குடியிருப்பவரை வெளியேற்ற முடியாது என்னும் தவறான நம்பிக்கை வீட்டு உரிமையாளரிடையே பரவலாக உள்ளது. அதனால் 'பதிவு கிடையாது' என்ற நிபந்தனையோடே பலர் வீட்டை வாடகைக்கு விடுகின்றனர். உண்மையில் இப்பதிவு ஒருவர் ஓரிடத்தில் வசிக்கிறார் என்பதற்கான குறிப்பு மட்டுமே. வீட்டின் மீது எவ்வித உரிமையையும் அது தருவதில்லை. எழுத்து மூலமான வாடகை ஒப்பந்தம் இருந்தால், உரிமையாளரின் கையொப்பம் இல்லாமலே, அவ்வொப்பந்தத்தைக் காட்டி நகராட்சி அலுவலகத்தில் பதிவு செய்யலாம். பதிவுக்குக் கட்டணம் இல்லை. எவ்வகையிலும் பதிவு செய்ய இயலாதவர், தமக்கு இவ்வெண் எந்தச் சட்ட விதியின்படி தேவைப்படுகிறது என்பதைக் குறிப்பிட்டு, பெசெல் எண்ணுக்கு மட்டும் தனியே விண்ணப்பிக்கலாம்.

பெசெல் கிடைத்தவுடன் 'புரொஃபில் ஸவுஃபானி' எனப்படும் நம்பகக் கணக்கை உருவாக்கிக்கொள்வது பயனுள்ளது. கையொப்பத்துக்கு ஈடான இணைய அடையாளமாகிய இதன் மூலம் பெரும்பாலான அரசு அலுவல்களை வீட்டிலிருந்தே முடிக்கலாம்.

வீடு

விளம்பரத்தில் காணும் வாடகை முழு வாடகையன்று. வாடகைக்குப் புறம்பாக, 'சின்ஷ்' எனப்படும் கட்டடப் பராமரிப்புத் தொகையும், மின்சாரம், எரிவளி முதலியவற்றுக்கான கட்டணமும் செலுத்த வேண்டியிருக்கும். எனவே 2500 ஸ்வோட்டி என்று எழுதியிருக்கும் வீட்டுக்கு மாதந்தோறும் மொத்தம் எவ்வளவு ஆகும் என்பதைக் கேட்ட பின்னரே முடிவு செய்ய வேண்டும். சின்ஷ் தொகையில் வெப்பமூட்டல் அடங்கியுள்ளதா என்பது குளிர்காலத்தில் பெரும் வேறுபாட்டை ஏற்படுத்தும்.

வாடகை ஒப்பந்தங்களில் 'நாயெம் ஒகாஸியொனால்நி' என்றொரு தனி வகை உண்டு. இதில், ஒப்பந்தம் முடிந்ததும் வெளியேறுவதாகக் குடியிருப்பவர் சான்றுறுதி அலுவலர் முன் எழுதித் தர வேண்டும். அத்துடன், வெளியேறினால் தான் செல்லவிருக்கும் மற்றொரு வீட்டின் முகவரியையும், அவ்வீட்டு உரிமையாளரின் இசைவையும் இணைக்க வேண்டும். போலந்தியர் பெற்றோர் வீட்டைக் காட்டிவிடுவர். நாட்டுக்குள் உறவினர் எவரும் இல்லாத வெளிநாட்டவர் எதைக் காட்டுவது? இதனால் நல்ல வீடுகள் பல கைநழுவிப் போகின்றன. கட்டணம் பெற்றுக்கொண்டு இத்தகைய முகவரியை வழங்கும் நிறுவனங்களும் தோன்றியுள்ளன. காட்டிய முகவரி பின்னர் இல்லாமற்போனால் 21 நாட்களுக்குள் வேறொன்றைக் காட்ட வேண்டும். தவறினால் உரிமையாளர் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். ஆகவே காசு கொடுத்து முகவரி வாங்குவதைவிட, உடன் பணிபுரியும் நம்பிக்கையானவரின் உதவியை நாடுவதே மேல். இவ்வகையில் முன்வைப்புத் தொகை ஆறு மாத வாடகையை விஞ்சக்கூடாது. வழக்கத்தில் ஓரிரு மாத வாடகையே பெறப்படுகிறது.

முகவரியில் 5/12 என்று இருந்தால், 5 என்பது கட்டட எண், 12 என்பது குடியிருப்பு எண். தரைத்தளம் 'பார்ட்டெர்' எனப்படும். முதல் மாடி அதற்கு மேல் தொடங்கும்.

ஒப்பந்த வகைகள்

போலந்தில் ஒரே வேலையை மூன்று வெவ்வேறு ஒப்பந்தங்களின் கீழ் செய்யக்கூடும். எந்த ஒப்பந்தம் என்பதைப் பொறுத்து உரிமைகள் பெரிதும் மாறும்.

முதலாவது 'உமோவா ஓ பிராத்செ' எனப்படும் பணி ஒப்பந்தம். இது 1974ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்புக்கு உட்பட்டது. வாரத்துக்கு 40 மணி நேர வேலை, ஊதியத்துடன் கூடிய விடுப்பு, நோய்க்கால ஊதியம், பணிநீக்க முன்னறிவிப்பு ஆகிய பாதுகாப்புகள் இதில் உண்டு. விடுப்பு, 10 ஆண்டுக்குக் குறைவான பணிக்காலம் உடையோருக்கு ஆண்டுக்கு 20 நாட்கள். அதற்கு மேற்பட்டோருக்கு 26 நாட்கள். படித்த காலமும் இதில் கணக்கிடப்படும். பல்கலைக்கழகப் பட்டம் 8 ஆண்டுகளாகக் கொள்ளப்படுவதால், பட்டதாரி ஒருவர் இரண்டே ஆண்டுகளில் 26 நாட்களுக்கு உரியவராகிறார். இதனைப் பலர் கேட்டுப் பெறுவதில்லை. முன்னறிவிப்புக் காலம், காலவரையற்ற ஒப்பந்தத்தில், அதே நிறுவனத்தில் 6 மாதத்துக்குக் குறைவாயின் 2 வாரம், 6 மாதம் முதல் 1 மாதம், 3 ஆண்டுகள் முதல் 3 மாதம்.

இரண்டாவது 'உமோவா ஸ்லெத்சேனியே' எனப்படும் பணிப்பு ஒப்பந்தம். இது குடியியல் சட்டத்துக்கு உட்பட்டது. குறைந்தபட்ச மணிக்கூலி இதற்கும் பொருந்தும். ஆனால் ஊதிய விடுப்பு இல்லை. நோய்க் காப்பீடு விரும்பினால் மட்டுமே. தொழிற்சாலை, பண்டகசாலை, உணவு விநியோகம் ஆகிய துறைகளில் வெளிநாட்டவர் பெரும்பாலும் இவ்வொப்பந்தத்தின் கீழேயே அமர்த்தப்படுகின்றனர். மூன்றாவதான 'உமோவா ஓ ஜெவோ' ஒரு குறிப்பிட்ட படைப்பை அல்லது விளைபொருளை முடித்துக் கொடுப்பதற்கானது. இதில் சமூகக் காப்பீடும் இல்லை, மருத்துவக் காப்பீடும் இல்லை. நாள்தோறும் ஒரே இடத்தில் மேலாளரின் கட்டளைப்படி செய்யும் வேலைக்கு இவ்வொப்பந்தம் தரப்பட்டால் ஐயுறுவது தக்கது.

ஊதியம் தரப்படாமை, ஒப்பந்தமின்றி வேலை வாங்குதல் ஆகியவற்றைப் பற்றித் தேசியத் தொழிலாளர் ஆய்வகத்தில் முறையிடலாம். 1919ஆம் ஆண்டு நிறுவப்பட்ட இவ்வமைப்பு வெளிநாட்டவரின் முறையீடுகளையும் ஏற்கிறது. கட்டாய வேலை, ஆட்கடத்தல் ஆகியவற்றால் பாதிக்கப்பட்டோருக்கு வார்சாவாவில் உள்ள லா ஸ்திராதா அறக்கட்டளை உதவி புரிகிறது.

ஊதியமும் வரியும்

ஒப்பந்தத்தில் எழுதப்படும் ஊதியம் 'புரூட்டோ', அதாவது பிடித்தங்களுக்கு முந்தையது. கைக்கு வருவது 'நெட்டோ'. 2026ஆம் ஆண்டுக்கான குறைந்தபட்ச மாத ஊதியம் 4806 ஸ்வோட்டி, மணிக்கூலி 31.40 ஸ்வோட்டி. இவை இரண்டும் புரூட்டோ தொகைகளே. பணி ஒப்பந்தத்தில் தொழிலாளர் பங்காக 13.71 விழுக்காடு சமூகக் காப்பீட்டுக்கும், மீதியில் 9 விழுக்காடு மருத்துவக் காப்பீட்டுக்கும் பிடிக்கப்படும். வருமான வரி ஆண்டுக்கு 1,20,000 ஸ்வோட்டி வரை 12 விழுக்காடு, அதற்கு மேல் 32 விழுக்காடு. முதல் 30,000 ஸ்வோட்டிக்கு வரி இல்லை. இவ்வாறு கணக்கிட்டால் குறைந்தபட்ச ஊதியம் பெறுபவர் கைக்கு ஏறத்தாழ 3606 ஸ்வோட்டி வரும்.

வேலையில் சேரும்போது 'பிட்-2' என்னும் படிவத்தை நிரப்பித் தர மறக்கக்கூடாது. தராவிடில் வரிவிலக்கின் பயனான 300 ஸ்வோட்டி மாதந்தோறும் கழிக்கப்படாமல், அடுத்த ஆண்டுதான் திரும்பக் கிடைக்கும். 26 வயது நிறையாதவர்களின் ஊதியத்துக்கு ஆண்டுக்கு 85,528 ஸ்வோட்டி வரை வருமான வரி இல்லை. ஆண்டு வரி அறிக்கையை பிப்ரவரி 15 முதல் ஏப்பிரல் 30 வரை அளிக்கலாம். வரித்துறை முன்கூட்டியே நிரப்பி வைத்திருக்கும் அறிக்கையை இணையத்தில் சரிபார்த்து ஒப்புதல் அளித்தாலே போதும்.

மருத்துவம்

பொது மருத்துவக் காப்பீட்டைத் தேசிய நலநிதியம் நடத்துகிறது. வேலை கொடுப்பவர் ஸூஸில் பதிவு செய்தவுடன் தொழிலாளர் இதற்கு உரியவராகிறார். மனைவி, கணவன், பிள்ளைகள் ஆகியோர் தாமாகவே சேர்வதில்லை. அவர்களைச் சேர்க்குமாறு நிறுவனத்திடம் கூற வேண்டும். இதற்குத் தனிக்கட்டணம் இல்லை.

முதலில் வீட்டருகே உள்ள நிலையத்தில் ஒரு முதல்நிலை மருத்துவரைத் தெரிந்தெடுத்துப் பதிவு செய்ய வேண்டும். சிறப்பு மருத்துவரிடம் செல்ல அவரது பரிந்துரை வேண்டும். மகப்பேறு, பல், உளநலம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பரிந்துரை தேவையில்லை. சிறப்பு மருத்துவருக்கான காத்திருப்பு மாதக்கணக்கில் நீள்வதால், பல நிறுவனங்கள் தனியார் மருத்துவத் திட்டங்களையும் வழங்குகின்றன. மருந்துச்சீட்டு 2020 முதல் மின்வடிவில் தரப்படுகிறது. நான்கு இலக்கக் குறியீட்டையும் பெசெல் எண்ணையும் மருந்தகத்தில் கூறினால் மருந்து பெறலாம். மாலை 6 மணி முதல் காலை 8 மணி வரை இரவு மருத்துவ நிலையங்கள் இயங்கும். அவசர அழைப்பு எண் 112.

பணி ஒப்பந்தத்தில் உள்ளவர் நோயுற்றால் பொதுவாக ஊதியத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். ஆண்டில் முதல் 33 நாட்களுக்கு நிறுவனமும் அதற்குப் பின் ஸூஸும் வழங்கும். ஆனால் புதிதாகக் காப்பீட்டில் சேர்ந்தவர்களுக்கு முதல் 30 நாட்கள் இது கிடைப்பதில்லை.

அன்றாட வாழ்க்கை

போலந்து மொழியில் ஏழு வேற்றுமைகள் உள்ளன. தமிழர்களுக்கு வேற்றுமை உருபு புதிதன்று என்றாலும், பெயர்ச்சொல்லின் பாலுக்கேற்பவும் உருபுகள் மாறுவதால் பயிற்சி தேவை. முன்பின் அறியாதவரை ஆணாயின் 'பான்', பெண்ணாயின் 'பானி' என்று விளிப்பதே முறை. நேரடியாக 'நீ' என்பது மரியாதைக் குறைவாகும். கடையிலோ மின்தூக்கியிலோ நுழையும்போது 'ஜென் தோப்ரி' என்று வணக்கம் கூறுவர். உணவகத்தில் பணத்தை நீட்டும்போது 'ஜென்கூயெ' (நன்றி) என்று சொல்லிவிட்டால், மீதியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று பொருளாகிவிடும். பழக்கமில்லாதவர் 40 ஸ்வோட்டி உணவுக்கு 100 ஸ்வோட்டித் தாளை நீட்டி நன்றி கூறி விழிப்பது உண்டு.

2018 முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலான கடைகள் மூடப்படுகின்றன. ஆண்டில் சில ஞாயிறுகள் மட்டும் விதிவிலக்கு. டிசம்பர் 24 2025 முதல் அரசு விடுமுறை நாளாகும். பொது விடுமுறை சனிக்கிழமையில் வந்தால், அதற்கு ஈடாக வேறொரு நாளை நிறுவனம் வழங்க வேண்டும். பேருந்து, திராம் வண்டிகளில் பயணச்சீட்டு வாங்கியிருப்பது மட்டும் போதாது. உள்ளே உள்ள பொறியில் அதனைப் பதிக்காவிடில் தண்டம் உண்டு. பொது வீதியில் மது அருந்துவதும் தண்டத்துக்குரியது. வங்கிக் கணக்கைக் கடவுச்சீட்டைக் கொண்டே தொடங்க முடியும். 2015 முதல் வழக்கிலுள்ள 'பிளிக்' முறையில், செல்பேசியில் தோன்றும் ஆறு இலக்கக் குறியீட்டால் பணம் செலுத்தலாம். அக்குறியீட்டைக் கேட்டு நண்பர் பெயரில் வரும் செய்திகள் பெரும்பாலும் மோசடியே; நேரில் அழைத்து உறுதி செய்யாமல் எவருக்கும் அதனைத் தரலாகாது.

டிசம்பரில் வார்சாவாவில் பகற்பொழுது எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. வெப்ப நாட்டிலிருந்து வருவோருக்குக் குளிரைவிட இவ்விருளே கடினமானது. குளிர்காலத்தில் நிலக்கரி எரிப்பதால் தென்பகுதி நகர்களில் காற்று மாசு மிகும். கிராகோவ் நகரில் 2019 செப்டெம்பர் 1 முதல் வீடுகளில் நிலக்கரியும் விறகும் எரிப்பது தடை செய்யப்பட்டுள்ளது.

நீண்டகால வதிவு

ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து சட்டப்படி வாழ்ந்தவர், நிலையான வருமானமும் காப்பீடும் இருப்பின், ஐரோப்பிய ஒன்றியத்தின் நீண்டகால வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். இதற்கு போலந்து மொழியில் பி1 நிலைத் தேர்ச்சியை மெய்ப்பிக்க வேண்டும். போலந்திலுள்ள பள்ளியிலோ பல்கலைக்கழகத்திலோ போலந்து மொழி வழியாகப் படித்து முடித்தோரின் சான்றிதழே போதுமானது. மற்றவர்கள் அரசுத் தேர்வு எழுத வேண்டும். தேர்வு இடங்கள் விரைவில் நிரம்பிவிடுவதால், ஐந்தாம் ஆண்டு முடியும் வரை காத்திராமல் மூன்றாம் ஆண்டிலேயே தேர்வை எழுதிவிடுவது வழக்கமாகி வருகிறது. இவ்வனுமதி காலவரையற்றது, பத்திரத்தில் எந்த நிறுவனத்தின் பெயரும் இராது. அட்டையை மட்டும் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.